சிறு வளையம்

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் பழைய ஜாவா ஒன்றில் புறப்படுவதாகக் கொள்வோம். மைசூரில் 1961 முதல் உருவான டூ ஸ்ட்ரோக் வண்டி அது. அதில் காற்றும் பெட்ரோலும் முதலில் கிராங்க் அறையில்தான் அழுத்தம் பெறுகின்றன. கிராங்க் தண்டைச் சூழ்ந்த ரப்பர் ஆயில் சீல் தேய்ந்தால் வெறுங்காற்று உட்புகும், கலவை மெலியும், நடுவழி வெயிலில் பிஸ்டன் இறுகிவிடும்.

அந்தப் பக்கம் பின்னாளில் செல்ஃப் ஸ்டார்ட்டர் பூட்டியிருந்தால், முதலில் அதைக் கழற்ற வேண்டும். அதற்கும் முன்னதாகப் பாட்டரி இணைப்பை அகற்றுக; மறந்தால் ஸ்பானரே தீப்பொறி காட்டி நினைவூட்டும்! பிறகு தண்டை ஆட்டிப் பாருங்கள். பேரிங் தேய்ந்து தண்டு ஆடினால் புதிய சீலும் நிலைக்காது. ஆட்டமில்லையெனில், சீலின் உள்விளிம்பில் எண்ணெய் தடவி, கோணாமல் மெல்லத் தட்டி இறக்குங்கள்.