அஞ்சலகத்திலிருந்து வந்த அம்பயர்



கிரிக்கெட் அம்பயரை நமக்கு நன்றாகத் தெரியும். தொப்பியோடு நின்று, ஒரு கணம் யோசித்து, நிதானமாக விரலை உயர்த்துவார். பேஸ்பால் அம்பயருக்கு அந்த நிதானம் வாய்க்காது. பந்தைப் பிடிப்பவரின் முதுகுக்குப் பின்னால், முகத்தில் கம்பிக் கூண்டும் மார்பில் கவசமுமாகக் குனிந்து நிற்க வேண்டும். பந்து வீசும் மேட்டிலிருந்து பேட்டர் நிற்கும் தட்டு வரை 60 அடி 6 அங்குலம்தான். மணிக்கு 90 மைல் வேகத்தில் வரும் பந்து அரை விநாடிக்குள் கடந்துவிடும். தட்டின் அகலம் 17 அங்குலம். அதற்கு மேலாக, பேட்டரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் பந்து போனதா, இல்லையா? போனால் ஸ்ட்ரைக், போகாவிட்டால் பால். பேட்டர் மட்டையைச் சுழற்றாமல் விட்ட ஒவ்வொரு பந்துக்கும் அந்த நொடியே குரல் கொடுத்தாக வேண்டும்.

அமெரிக்காவின் உச்ச நிலையான பெரிய லீக் ஆட்டத்தில் இந்த வேலையைப் பகிர்ந்துகொள்ள நான்கு பேர் உண்டு. ஊர் மைதானத்தில் பெரும்பாலும் ஒருவர், மிஞ்சினால் இருவர். கையில் பந்துக் கணக்குக்கு ஒரு சிறு கருவி, பையில் தட்டின் மண்ணைத் துடைக்கக் குட்டி பிரஷ். காசு சொற்பம், வசவு தாராளம். பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டமென்றால் பிள்ளைகளைவிடப் பெற்றோர்தான் அதிகம் கத்துவார்கள்.

அப்படிப்பட்ட மைதானங்களில் வளர்ந்த ஒருவர் எம்மெட் ஆஷ்ஃபோர்ட். 1914-இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த கறுப்பினத்தவர், அஞ்சலக ஊழியர். ஆட்டக்காரராக அவர் சோபிக்கவில்லை. ஒருநாள் உள்ளூர் ஆட்டத்துக்கு அம்பயர் வராமல் போகவே, சும்மா உட்கார்ந்திருந்த இவரைப் பிடித்து நிறுத்தினார்கள். விருப்பமில்லாமல்தான் போய் நின்றார். கூட்டத்துக்கு அவரைப் பிடித்துப் போய்விட்டது. அதன் பிறகு பள்ளி ஆட்டம், கல்லூரி ஆட்டம் என்று அஞ்சலக வேலை போக மிஞ்சிய நேரமெல்லாம் மைதானத்திலேயே கழிந்தது.

1951-இல் விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரு சிறிய தொழில்முறை லீக்கில் நின்றார். வெள்ளையர் நடத்திய அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் முதல் கறுப்பின அம்பயர் அவர்தான். முழுநேர வாய்ப்பு வந்தபோது, பல ஆண்டுகள் பார்த்த அரசு வேலையை விட்டார். நாற்பதை நெருங்கும் வயதில் அது எளிய முடிவல்ல. நம் வீடுகளில் ஒருவர் இப்படிச் செய்தால் என்ன பேச்சு எழும் என்று நினைத்துப் பாருங்கள். 1954 முதல், பெரிய லீக்குக்கு ஒரு படி கீழே இருந்த பசிபிக் கோஸ்ட் லீக்கில் பன்னிரண்டு பருவங்கள். பெரிய லீக்கின் கதவு மட்டும் திறக்கவில்லை.

கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சன் பெரிய லீக்கில் ஆட வந்தது 1947-இல். ஆஷ்ஃபோர்ட் உள்ளே நுழைந்தது 1966-இல். நடுவே 19 ஆண்டுகள். கறுப்பர் ஒருவர் பந்தை அடித்தால் கைதட்டலாம். அவரே வெள்ளைக்காரரைப் பார்த்து ‘நீ அவுட், வெளியே போ’ என்று சொல்வதை ஏற்க இன்னொரு தலைமுறை ஆயிற்று. தாமதத்துக்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

1966 ஏப்ரல் 11, வாஷிங்டனில் பருவத்தின் தொடக்க ஆட்டம். சம்பிரதாயமாக முதல் பந்தை எறியத் துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி வருவதால் கடும் காவல். மைதானத்துக்கு வந்த ஆஷ்ஃபோர்டைக் காவலர்கள் வாசலிலேயே நிறுத்தினார்கள். அம்பயர் என்று அவர் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. அப்போது அவருக்கு வயது 51. மற்றவர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்கும் வயதில் அவருக்கு வேலை தொடங்கியது.

நடந்து போகும் இடத்துக்கு அவர் ஓடுவார். பளபளக்கும் காலணி, சட்டைக் கையில் மின்னும் பொத்தான், ஆளையே சுழற்றும் அவுட் சைகை. வேடிக்கை காட்டுகிறார் என்று சிலர் முகம் சுளித்தார்கள். ரசிகர்கள் ரசித்தார்கள். எனக்கு இதில் குறை தெரியவில்லை; தீர்ப்பில் நேர்மை இருக்கும்போது கையை எப்படி வீசினால் என்ன?

1967-இல் நட்சத்திர வீரர்கள் மோதும் ஆல் ஸ்டார் ஆட்டம், 1970-இல் சாம்பியனைத் தீர்மானிக்கும் வேர்ல்டு சீரிஸ். அத்தோடு ஓய்வு. பெரிய லீக்கில் கிடைத்தது ஐந்தே பருவங்கள். அதன் பிறகும் கல்லூரி ஆட்டங்களுக்கு அவர் அம்பயராக நின்றார்.

1980-இல் காலமானார். பேஸ்பாலின் புகழ் மண்டபமான ‘ஹால் ஆஃப் ஃபேம்’ இருக்கும் கூப்பர்ஸ்டவுனில்தான் அவருடைய அஸ்தி அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அந்த மண்டபத்தில் இடம்பெற்ற அம்பயர்கள் 10 பேர். ஆஷ்ஃபோர்ட் அவர்களில் இல்லை. ஐந்து பருவம் போதாது என்று கணக்குச் சொல்பவர்கள், மீதிப் பருவங்களை அவரிடமிருந்து பறித்தது யார் என்பதையும் அதே கணக்கில் எழுத வேண்டும். அவரைச் சேர்க்க வேண்டும் என்பதே என் கட்சி.