வீட்டு மின்சாரம்: அஞ்ச வேண்டியது எது?

(இலஞ்சியில் கூடிய பஞ்சாயத்து உறுப்பினர்கள், விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி நிகழ்த்திய உரை)



1944-ஆம் ஆண்டு பாபநாசத்தில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய காலத்தில், கிராமத்து வீட்டிற்கு மின்சாரம் அரிய பொருள். இன்று அது ஒவ்வொரு சமையலறையிலும் இருக்கிறது. அத்துடன் ஓர் ஐயமும் வந்து சேர்ந்திருக்கிறது.

சென்ற மாதம் ஒரு வீட்டிற்குச் சென்றிருந்தேன். "ஐயா, மீட்டர் இருக்கும் சுவரை ஒட்டித் தொட்டில் கட்டலாமா? காந்த அலையால் பிள்ளைக்குப் புற்றுநோய் வரும் என்கிறார்களே" என்று அவ்வீட்டுத் தாய் கேட்டார்.

மின்சாரம் ஓடும் இடத்தில் காந்தப் புலம் உண்டு. ஆனால் விலக விலக அது விரைவில் குறைந்துவிடும். உலக சுகாதார ஸ்தாபனம் தரும் கணக்கின்படி, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து 3 சென்டிமீட்டர் தூரத்தில் அதன் அளவு 0.5 முதல் 1.7 மைக்ரோ டெஸ்லா. ஓரடி தள்ளி நின்றால் 0.25-க்கு மேற்படுவதில்லை. பொதுமக்களுக்கென 2010-இல் சர்வதேச நிபுணர் குழு வகுத்த வரம்போ 200.

2002-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இப்புலத்தை, 'புற்றுநோய்க்குக் காரணமாகக் கூடும்' என்னும் வகையில் சேர்த்தது உண்மையே. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் பற்றிய ஆய்வுகளே அதற்கு ஆதாரம். அவற்றை 2007-இல் பரிசீலித்த உலக சுகாதார ஸ்தாபனம், இதுவே காரணம் என்று கொள்ளுமளவுக்குச் சான்று வலுவாக இல்லை என்று கூறியது. ஆகவே தொட்டிலைச் சற்றுத் தள்ளிக் கட்டினால் போதும். இருதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தப்பெற்றவர் மட்டும் இண்டக்‌ஷன் அடுப்பை நெருங்குமுன் வைத்தியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆனால் அதே வீட்டில் நான் கண்டது வேறு. குளிர்சாதனப் பெட்டியைத் தொட்டால் 'சுருக்'கென்கிறது என்று, அதன் முன் ஒரு மரப்பலகையைப் போட்டு வைத்திருந்தார்கள்! மூன்று முள் பிளக் இருந்தது. சுவருக்குள் எர்த் கம்பி இல்லை. சாரல் காலத்தில் ஈரத்தரையில் நின்று அப்பிள்ளை அதைத் தொட்டால் என்ன ஆகும்?

அன்பர்களே, உயிரைக் கொள்வது இந்தக் கசிவுதான். எர்த் சரியாக உள்ளதா என்று உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு சோதியுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியை மெயின் சுவிட்சுடன் பொருத்துங்கள். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். வயல்வேலிக்கு நேரே மின்சாரம் பாய்ச்சுவது குற்றம்; பன்றிக்கு வைத்த கம்பி மனிதனையும் மாய்க்கும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சாரல் தொடங்குமுன் பள்ளி, அங்கன்வாடி, குடிநீர் மோட்டார் அறை ஆகியவற்றில் இச்சோதனையைச் செய்து முடியுங்கள். அத்தாயின் வீட்டில் எர்த் கம்பி போட்டாயிற்று, பலகையையும் எடுத்துவிட்டார்கள்.