குணா குகையும் கயிறு இழுத்த கைகளும்



பழைய சினிமா பார்ப்பது வீண் பொழுது என்று சொல்வாருண்டு. நாம் அப்படி நினைக்கவில்லை. பஞ்சாலையில் நாள் முழுதும் நின்றவனுக்கும், குனிந்து நாற்று நட்டவளுக்கும் பாட்டும் கதையும் வேண்டும். ஆனால் பார்த்ததைப் பற்றிப் பேசவும் வேண்டும். இன்று 'குணா'வைப் பற்றிப் பேசுவோம்.

1991 தீபாவளிக்கு, 'தளபதி' வந்த அதே நாளில் வெளிவந்த படம் இது. சந்தான பாரதி இயக்கினார், கமல்ஹாசன் நடித்தார், இளையராஜா இசையமைத்தார். நம் பழனி மலையில், கொடைக்கானல் தூண் பாறைக்குப் பக்கத்துக் குகையில் படம் பிடித்தார்கள். பிசாசின் அடுப்படி என்று வெள்ளைக்காரன் வைத்த பெயர் பின்னே போயிற்று; 'குணா குகை' என்ற பெயர் நின்றது. அந்தப் பெயரை நிலைக்க வைத்தவர்கள் டிக்கட் வாங்கிப் படம் பார்த்த ஜனங்கள்.

கதை என்ன? சித்தம் கலங்கிய ஒருவன், பணக்காரப் பெண் ஒருத்தியைத் தெய்வமென்று நம்பி மலைக்குத் தூக்கிச் செல்கிறான். அவளுடைய சொத்தைக் குறிவைத்த கனவான் துரத்துகிறான். வஞ்சகம் பைத்தியக்காரனிடம் இல்லை, கணக்குப் பார்க்கும் கனவானிடம் இருக்கிறது என்று படம் காட்டுகிறது. நமக்குக் கண் கலங்கியது உண்மை.

ஆனால் நம்முடன் படம் பார்த்த பெண்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: "அவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?" பிறகு அவள் மனம் இளகியது என்கிறது கதை. அதற்கு முன்? வேண்டாம் என்பவளை அடைத்து வைப்பது காதலா? வேலைக்குப் போகும் வழியில் பின்தொடரும் ஆண்களைத் தினமும் சகிப்பவர்களின் கேள்வி அது. இசை எவ்வளவு இனிமையானாலும் அதை அமுக்கிவிட முடியாது.

2024-இல் அதே குகையைப் பற்றி இன்னொரு படம் வந்தது. சிதம்பரம் இயக்கிய 'மஞ்சும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம். 2006-இல் நடந்த உண்மைச் சம்பவம் அது. கொச்சிப் பக்கத்திலிருந்து கொடைக்கானல் வந்த இளைஞர்களில் ஒருவர் குகைக் குழியில் விழுந்துவிட்டார். ஒரு நண்பர் உடம்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கினார். இருவரும் உயிரோடு மேலே வந்தார்கள்.

படத்தில் இவர்கள் கயிறு இழுக்கும் போட்டிக் கோஷ்டி. பந்தயத்துக்கு இழுத்த கைகளே தோழனின் உயிரை இழுக்கின்றன. அந்த நேரம் 'குணா'வின் பாட்டு ஒலிக்கிறது. அன்று தனியொருவன் ஏக்கமாக நாம் கேட்ட பாட்டு, இன்று பலர் சேர்ந்து பிடித்த கயிற்றின் பாட்டாகக் கேட்கிறது. ராகம் மாறவில்லை, சொல்லும் மாறவில்லை. கயிற்றை விடாத கைகள் அதன் பொருளை மாற்றின. ஆலை வாசலிலும் களத்துமேட்டிலும் அத்தகைய கைகளை நாம் கண்டிருக்கிறோம்.

ஆகவே தோழர்களே, பழைய படங்களை மன்றங்களில் போடுங்கள். முடிந்ததும் கலைந்துவிடாமல் உட்கார்ந்து பேசுங்கள். முதலில் பெண்கள் பேசட்டும்!