மட்டைக்கு வேண்டிய மரம்

(கிராமத் தொழில் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரை)



கிரிக்கெட் ஆட்டக்காரர்களின் பெயர்களை நம் சிறுவர்கள் மனப்பாடமாகச் சொல்லுகிறார்கள். அவர்கள் கையிலுள்ள மட்டை எந்த ஊரில் செய்யப்பட்டது என்று கேட்பவர் மிகச் சிலரே. அந்த மட்டையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

1979ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய வீரர் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையுடன் ஆட வந்தார். அதனால் பெரும் பூசல் எழுந்தது. மட்டையின் அலகு மரத்தாலேயே அமைய வேண்டும் என்பது அதன் பின்னர் விதியாயிற்று. ஆகவே, நாடுகளுக்கிடையே பந்தயங்கள் எத்தனை பெருகினாலும், அவை வில்லோ என்னும் ஒரு மரத்தை நம்பியே நடைபெறுகின்றன.

பிரிவினைக்கு முன் இத்தொழிலுக்குச் சியால்கோட் நகரம் பெயர் பெற்றிருந்தது. 1947க்குப் பின் அங்கிருந்து வந்தவர்கள் ஜலந்தரிலும் மீரட்டிலும் பட்டறைகள் அமைத்தனர். உயர்ந்த மட்டைகளுக்கு வேண்டிய வில்லோக் கட்டைகள் இங்கிலாந்திலிருந்து இறக்குமதியாகின்றன. நம் நாட்டில் விளைவது காஷ்மீர வில்லோ.

காஷ்மீரத்தின் அனந்தநாக் மாவட்டத்தில் சங்கம், ஹல்முல்லா முதலிய ஊர்களில் இதுவே குடிசைத் தொழில். அறுத்த கட்டைகளை அடுக்கி, மாதக் கணக்கில் காற்றில் உலர்த்துவர். ஈரம் நின்றால் மட்டை கனக்கும், வளையும். பிறகு அலகைச் செதுக்கி, இயந்திரத்தில் அழுத்தி இறுக்கி, பிரம்புக் கைப்பிடியைப் பொருத்துவர். இம்மரம் இங்கிலாந்து மரத்தைவிடச் சற்றுக் கனமானது. ஆகையால் இது பழகுவோருக்கு உரிய மலிவு மட்டை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2021ஆம் ஆண்டு இருபது ஓவர் உலகக் கோப்பைப் போட்டியில் ஓமன் நாட்டு வீரர்கள் இதனை ஏந்தி ஆடினர். அதன் மதிப்பும் உயர்ந்தது.

மதிப்பு உயரும் இவ்வேளையில் மரம் குறைந்து வருகிறது. வில்லோவை வெட்டிய இடத்தில் குடியானவர்கள் பாப்லர் மரத்தை நடுகின்றனர். அது விரைவில் வளரும். ஒட்டுப்பலகைக்கும் ஆப்பிள் பெட்டிக்கும் உடனே விலைபோகும். வில்லோவுக்கோ இருபது ஆண்டளவு காத்திருக்க வேண்டும். வீட்டுச் செலவுக்குப் பணம் தேடும் குடியானவரை நாம் குறை கூற இயலாது. நாற்றுப்பண்ணை அமைத்துக் கன்றுகளை வழங்குவதும், மரம் முதிரும் வரையில் அவருக்குத் துணை நிற்பதும் அரசாங்கத்தின் கடமை, பட்டறைக்காரர்களின் கடமையுங்கூட.

கிராமத் தொழிலை வளர்க்கப் புறப்படும் நீங்கள், கருவியும் கடனும் சந்தையும் தேடுவதற்கு முன்னர், மூலப்பொருள் அடுத்த தலைமுறைக்கும் கிடைக்குமா என்று கேளுங்கள். இன்று வெட்டும் மரத்துக்கு ஈடாக இன்றே கன்று நடாத தொழில் நிலைத்து நிற்காது.