யாருடைய இருபத்து நான்கு மணி நேரம்?

(வட்டக்கோட்டை அருகே நடந்த மாணவர் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘ஓர் அறிவியல் மாணவரின் ஒரு நாள்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். காலை எத்தனை மணிக்கு எழ வேண்டும், எப்படிக் குறிப்பெடுக்க வேண்டும் என்றெல்லாம் சொல்வேன் என்று சிலர் எதிர்பார்த்து வந்திருக்கலாம். அதற்கு யூடியூபில் ஆயிரம் காணொலிகள் கிடக்கின்றன. எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது. எல்லோருக்கும் ஒரு நாளைக்கு இருபத்து நான்கு மணி நேரம்தான் என்று மேடைதோறும் சொல்கிறார்களே, அது உண்மையா?

அறிவியல் மாணவரின் நாள் என்றதும் நமக்குப் பள்ளியில் சொன்ன கதை சர் சி.வி. ராமனுடையது. 1907இல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாகச் சேர்ந்தவர், வேலைக்குப் போய்க்கொண்டே இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு செய்தார். காலை 5.30 மணிக்கு ஆய்வுக்கூடம். 9.45க்கு வீடு. குளியல், சாப்பாடு, அலுவலகம். மாலை 5 மணிக்கு நேராக மறுபடியும் ஆய்வுக்கூடம். இரவு ஒன்பதரை, பத்துக்கு வீடு. கூட்டிப் பாருங்கள். அலுவலக வேலை போக, ஆய்வுக்கு மட்டும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ எட்டே முக்கால் மணி நேரம்.

அந்த உழைப்பைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் 9.45க்கு வீட்டுக்கு வந்தவருக்குக் குளிக்கத் தண்ணீரும் சாப்பிடச் சோறும் தயாராக இருந்தன. அந்த நேரத்தை யாரோ தங்கள் நாளிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். ஆய்வுக்கூடக் கதவு காலை ஐந்தரைக்கு அவருக்குத் திறந்தது. நீ யார், எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் அவருக்குத் துணையாக ஆசுதோஷ் தே என்றொருவர் இருந்தார். பல்கலைக்கழகத்தில் படிக்காதவர். வாய்ப்புக் கிடைத்ததும் ராயல் சொசைட்டி இதழில் தன் பெயரிலேயே கட்டுரை வெளியிட்டார். கதவு திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அவரே சாட்சி. அதே ராமன் 1933இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக இருந்தபோது, கமலா பாகவத் என்ற மாணவியைப் பெண் என்பதற்காகச் சேர்க்க மறுத்தார். போராடித்தான், அதுவும் நிபந்தனைகளோடுதான் கமலா உள்ளே போனார். பின்னாளில் கமலா சோஹோனி என்று அறியப்பட்ட உயிர்வேதியியலாளர் அவர்தான்.

அதே கல்கத்தாவில் இன்னொரு மாணவர் இருந்தார். மேகநாத் சாகா. 1893இல் டாக்கா அருகே ஒரு கிராமத்தில், சின்ன மளிகைக் கடைக்காரர் வீட்டில் பிறந்தவர். தாழ்ந்த சாதி என்று ஒதுக்கப்பட்ட குடும்பம். உயர் தொடக்கப் பள்ளி பல மைல் தொலைவில் இருந்ததால் ஒரு மருத்துவர் வீட்டில் தங்கிப் படித்தார். அதற்கு நிபந்தனை உண்டு. தன் தட்டைத் தானே கழுவ வேண்டும், மாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு டாக்கா பள்ளியில் படிக்கும்போது, 1905 வங்கப் பிரிவினைக் கொந்தளிப்பில் ஆளுநரின் வருகையை எதிர்த்ததற்காகப் பள்ளியையும் உதவித்தொகையையும் இழந்தார். கல்கத்தா மாநிலக் கல்லூரிக்கு வந்து ஈடன் இந்து விடுதியில் சேர்ந்தால், அங்கே உணவுக்கூடத்தில் அவரோடு உட்கார்ந்து சாப்பிட மற்றவர்கள் மறுத்தார்கள். சரசுவதி பூசை மேடையில் ஏற விடவில்லை. கல்விக்கான தெய்வம் என்றார்கள், அந்தக் கல்லூரியின் சிறந்த மாணவர்களில் ஒருவரைக் கீழே நிறுத்தினார்கள்.

அந்தச் சாகாதான் 1920இல் விண்மீன்களின் நிறமாலையைப் படிக்கும் அயனியாக்கச் சமன்பாட்டை உலகத்துக்குக் கொடுத்தார். இன்றைக்கும் விண்மீன் இயற்பியல் படிக்கும் எந்த மாணவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. ‘பார்த்தீர்களா, உழைத்தால் சாதிக்கலாம்’ என்று இதை முடித்துவிடுவார்கள். நான் அப்படி முடிக்க மாட்டேன். மாட்டைக் கட்டிவிட்டு வந்து படித்த நேரத்தில் அவர் இவ்வளவு செய்தார் என்றால், மாட்டைக் கட்டியதோடு நின்றுபோன பிள்ளைகள் எத்தனை பேர்? அந்தக் கணக்கு எந்த அறிவியல் வரலாற்றிலும் இல்லை.

இது நம் ஊருக்கும் பொருந்தும். பக்கத்தில் நிற்கிற கோட்டை 18ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் கட்டியது. டிலனாய் பெயர் வரலாற்றில் இருக்கிறது, மார்த்தாண்ட வர்மா பெயர் இருக்கிறது. கல் சுமந்தவர்கள் பெயர் இல்லை. கூலியில்லாமல் வேலை வாங்குவதற்கு ‘ஊழியம்’ என்று பெயர் வைத்திருந்த சமஸ்தானம் அது. அடிமை முறையைச் சட்டப்படி ஒழிக்கவே 1855 ஆகிவிட்டது. கீழே கடற்கரையில் கிடக்கிற கரிய மணலைப் பாருங்கள். இல்மனைட், கார்னெட், மோனசைட் கலந்த மணல். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், மணவாளக்குறிச்சிப் பக்கமிருந்து ஏற்றுமதியான தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார் என்று நூல்களில் படிக்கிறோம். அந்த நாரை அடித்துத் திரித்த கைகளைப் பற்றி ஒரு வரி கிடையாது. என் அம்மை தும்பு ஆலையில் வேலை பார்த்தவர் என்பதால், அந்த வரி இல்லாதது என் கண்ணில் உடனே படும்.

நான் ஆய்வு செய்வது இந்தக் கடற்கரை மணலின் இயற்கைக் கதிரியக்கத்தை. மணலை எடுத்து, உலர்த்தி, சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து ஏறத்தாழ ஒரு மாதம் வைக்க வேண்டும். ரேடியத்திலிருந்து பிறக்கும் ரேடான் வாயு வெளியேறாமல் சமநிலைக்கு வர அவ்வளவு நாள் தேவை. பிறகு ஈயக் கவசத்துக்குள் இருக்கும் காமா அளவியில் வைத்து எண்ண வேண்டும். என் மாதிரி ஒவ்வொன்றுக்கும் 50,000 வினாடி, அதாவது கிட்டத்தட்ட பதினான்கு மணி நேரம். ஒரு வேலை நாளுக்குள் அது முடியாது, இரவும் ஓடியாக வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு நாள், ஆய்வுக் குறிப்பேட்டில் மணலைப் பற்றி எழுதுவதுபோல என் நேரத்தையும் எழுதிப் பார்த்தேன். காலை 4.30க்கு எழுந்து இரவு 11.30க்குப் படுத்தேன். பத்தொன்பது மணி நேரம். தண்ணீர் பிடித்து, சமைத்து வைக்க 1 மணி 10 நிமிடம். போக வர பேருந்தில் ஐந்தரை மணி நேரம். விடுதியில் தங்கலாமே என்பீர்கள். உதவித்தொகை ஐந்து மாதமாக வராதபோது மெஸ் கட்டணத்தை யார் கட்டுவது? டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் பாதி வழிக்காவது காசு மிச்சம்.

பல்கலைக்கழகத்தில் இருந்தது 9 மணி 25 நிமிடம். அதில் உதவித்தொகைக் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று தேட ஒன்றரை மணி நேரம். நெறியாளருக்குப் பதிலாக இளநிலை வகுப்பு எடுக்க 2 மணி. அவருடைய சொந்த வேலைக்காக வங்கிக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் போய்வர ஒன்றேகால் மணி. சாப்பாடும் கருவிக்காகக் காத்திருந்ததும் 1 மணி. மீதி 3 மணி 40 நிமிடம்தான் என் ஆய்வு. வீட்டுக்கு வந்து வீட்டு வேலை 1 மணி, தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் 1 மணி, படிப்பு 55 நிமிடம். ஆக, பத்தொன்பது மணி நேரத்தில் அறிவியலுக்குக் கிடைத்தது 4 மணி 35 நிமிடம்.

பெண்கள் மாலை ஆறரைக்கு மேல் ஆய்வுக்கூடத்தில் இருக்கக் கூடாது என்பது அங்கே எழுதப்படாத விதி. அதனால் இரவு மின்சாரம் போய் எண்ணிக்கை நின்றாலும் மறுநாள்தான் எனக்குத் தெரியும். நான் பதிவு செய்த முறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, ‘நீங்க அடுத்த வாரம் பாத்துக்கோங்கம்மா’ என்பார்கள். அந்த வேறொருவர் ஒவ்வொரு முறையும் யாராக இருக்கிறார் என்பது ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். சாதிப் பெயர் சொல்லித் திட்டினால்தான் தீண்டாமை என்று நினைக்காதீர்கள். இன்றைய வளாகத்தில் அது நேரத்தைத் திருடுவதாக வருகிறது. கோப்பில் ஒரு கையெழுத்துத் தாமதமாவதும், வரைவைப் படிக்காமல் மூன்று மாதம் மேசையில் வைப்பதும் அதே திருட்டுதான். கடைசியில் நம்மிடம் கேட்பார்கள்: ‘ஏன் உங்க பேப்பர் மட்டும் கம்மியா இருக்கு?’ திருடிய நேரத்தைத் திருடியவர்களே எடை போட்டு, அதற்குத் ‘தகுதி’ என்று பெயர் வைக்கிறார்கள்.

இதைச் செய்பவர்கள் பார்ப்பனர்கள் மட்டும்தான் என்று சொல்லி இங்கே கைதட்டல் வாங்க எனக்கு விருப்பமில்லை. ஐஐடிகளின் கதை வேறு. நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில், கல்லூரிகளில் நாற்காலியில் இருப்பவர்கள் பெரும்பாலும் பார்ப்பனரல்லாதவர்கள். தோளில் சீலை போட 1822 முதல் 1859 வரை அடிபட்ட மண் இது. பக்கத்துச் சாமிதோப்பில் அய்யா வைகுண்டர் எல்லோரும் ஒரே கிணற்றில் நீர் எடுக்கட்டும் என்றார். மயிலாடியில் ரிங்கல்தௌபேயின் பணிக்கு வாசல் திறந்தவர் சாம்பவர் குலத்து மகாராசன் வேதமாணிக்கம். இவ்வளவு வரலாறும் உள்ள மாவட்டத்தில், அன்று அடிபட்டவர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர் இன்று ஆய்வுக்கூடச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, நம்மிடம் ‘எந்தத் தெரு?’ என்று கேட்கிறார்கள். இதைப் பேசாமல் சமூக நீதி பேச முடியாது.

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். நெட் தேர்வில் ஜேஆர்எஃப் பெற்றவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். நடுவண் பல்கலைக்கழகங்களில் அது இல்லாத ஆய்வாளர்களுக்கு 8,000 ரூபாய். அந்த 8,000ஐயும் 2015இல் நிறுத்தப் பார்த்தார்கள். டெல்லி மாணவர்கள் யுஜிசி அலுவலக வாசலில் இரவு பகலாக உட்கார்ந்து போராடினார்கள். ஒடுக்கப்பட்ட வீட்டில் உதவித்தொகை என்பது ஒருவரின் பணம் அல்ல. தங்கையின் கட்டணம், அப்பாவின் மருந்து, கூரையின் ஓடு எல்லாம் அதில்தான். ஹைதராபாத்தில் ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று நம்மைவிட்டுப் போனபோது, ஏழு மாத உதவித்தொகை, 1,75,000 ரூபாய், அவருக்கு வர வேண்டியிருந்தது. அறிவியல் எழுத்தாளராக வேண்டும் என்று கனவு கண்டவர் அவர். தாமதமான உதவித்தொகையை நிர்வாகக் கோளாறு என்று யாராவது சொன்னால், இந்தத் தொகையை அவர்களிடம் சொல்லுங்கள்.

ரோகித்தின் தாய் ராதிகாவும், 2019இல் மும்பையில் உயிரிழந்த மருத்துவர் பாயல் தாட்வியின் தாய் ஆபிதாவும் சேர்ந்து அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் போனார்கள். வளாகங்களில் பாகுபாட்டைத் தடுக்க 2012இலேயே யுஜிசி விதிகள் போட்டிருந்தது. சம வாய்ப்புப் பிரிவு வேண்டும், பாகுபாடு தடுப்பு அலுவலர் வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. அந்த விதியை நடைமுறைப்படுத்துங்கள் என்பதுதான் அந்தத் தாய்மாரின் கோரிக்கை. ஏற்கெனவே உள்ள விதியைச் செயல்படுத்தச் சொல்லவே பிள்ளைகளை இழந்த தாய்கள் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

சரி, நாம் என்ன செய்வது? முதலில் எழுதி வையுங்கள். 2007இல் சுகதேவ் தோரட் குழு எய்ம்ஸில் நடந்த பாகுபாட்டை வெளியே கொண்டுவந்தது, மாணவர்கள் வாய் திறந்து சொன்னதால்தான். அறிவியல் மாணவர்களுக்குக் குறிப்பேடு புதிதல்ல. தேதி, நேரம், என்ன கேட்டோம், யார் என்ன பதில் சொன்னார்கள், எத்தனை நாள் காக்க வைத்தார்கள். மணலை அளக்கிற அதே கறாருடன் இதையும் அளங்கள். தனியாக ஒருவர் சொன்னால் ‘உனக்குத்தான் அப்படித் தோணுது’ என்பார்கள். இருபது குறிப்பேடுகளை ஒன்றாக வைத்தால் அது தரவு.

இரண்டாவது, கோரிக்கைகளைச் சேர்ந்து கேளுங்கள். உதவித்தொகை மாதந்தோறும் குறித்த தேதியில் வர வேண்டும். கருவிக்கான முறைப்பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி சுவரில் ஒட்டப்பட வேண்டும். மாணவிகளுக்கு நேரக்கட்டுப்பாடு வேண்டாம், இரவுப் பேருந்தும் விளக்கும் வேண்டும். நெறியாளரை மாற்றிக்கொள்ள, பழிவாங்கப்படாத ஒரு வழி வேண்டும். சம வாய்ப்புப் பிரிவில் மாணவர்கள் தேர்ந்தெடுத்த மாணவர் இருக்க வேண்டும். இதில் எதற்கும் கோடிக்கணக்கில் பணம் தேவையில்லை.

மூன்றாவது, விட்டுவிட்டு வராதீர்கள். நம் பகுதியும் சேர்ந்திருந்த அதே திருவிதாங்கூரில், புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தபோது அய்யன்காளி சொன்னதைக் கேட்டு மக்கள் வயலில் இறங்க மறுத்தார்கள். நெல் விளைய வேண்டிய இடத்தில் புல் முளைத்தது. ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமி உட்கார்ந்தாள் என்பதற்காகப் பள்ளியையே கொளுத்தினார்கள். பஞ்சமிக்குக் கிடைத்தது ஒரு நாள்கூட இல்லை. அந்த நாளைத்தான் நாம் இன்று வாழ்ந்துகொண்டிருக்கிறோம். என் அம்மை அடிக்கடி கேட்பார், “மோளே, இன்னும் எத்தன வருசம் படிப்பே?” அது அலுப்பில் கேட்பதல்ல. தும்பு ஆலையில் போன தன் வருசங்களையும் சேர்த்தே அவர் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

வாசலில் ஒரு தாள் கொடுப்பார்கள். நேற்றைய உங்கள் இருபத்து நான்கு மணி நேரத்தை அதில் எழுதுங்கள். எது உங்களுடையது, எது எடுத்துக்கொள்ளப்பட்டது என்று கோடு போட்டுப் பிரியுங்கள். பெயர் எழுத வேண்டாம். அடுத்த மாதக் கூடுகையில் அந்தத் தாள்களை வைத்துத்தான் பேசப்போகிறோம்.