தாண்டிக்குடிக்குச் செல்லத்தக்க காலம்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது சங்கத்துக் குடும்பங்கள் ஒன்றுகூடித் தாண்டிக்குடி மலைக்குச் சென்று வருவதென முடிவாகியிருக்கிறது. என்று செல்வது என்பது மட்டும் முடிவாகவில்லை. பிள்ளைகளுக்கு விடுமுறை மே மாதத்தில் வருவதால் அம்மாதமே தக்கதென அன்பர் பலர் கருதுகின்றனர். அக்கருத்தை மறுத்துச் சில வார்த்தைகள் சொல்லவே நான் எழுந்து நிற்கிறேன். முதியோரும் கைக்குழந்தைகளும் உடன் வரப்போகிறார்களாதலின், இதனை வெறும் உல்லாச விஷயமாக எண்ணிவிடலாகாது.

மே மாதத்துக்குச் "சீசன்" என்னும் பெயர் வந்த வரலாற்றை முதலில் அறிதல் நலம். 1845-ஆம் ஆண்டில் மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார் சமவெளியின் வெப்பத்தையும் நோயையும் பொறுக்கமாட்டாமல் கொடைக்கானலில் வீடு கட்டிக்கொண்டனர். வெள்ளைக்கார உத்தியோகஸ்தரும் பின்னர் அவர்களைத் தொடர்ந்தனர். கோடைக்கு அஞ்சி மலையேறியவர்கள் வகுத்த கணக்கு அது. ஏறத்தாழ 7,000 அடி உயரமுள்ள கொடைக்கானலுக்கு அது பொருந்தும். தாண்டிக்குடியோ கீழ்ப்பழனி மலையில், 4,000 அடிக்குச் சற்று மேற்பட்ட உயரத்தில் உள்ளது. 1,000 மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி வெப்பம் குறையும் என்பது பொது விதி. வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடிக்கு ஏற்றம் ஏறத்தாழ அவ்வளவே. அக்கினி நட்சத்திர காலத்தில் அக்குளிர்ச்சி மரநிழலில் அமர்ந்திருப்பார்க்கு இனிதாகும். பகலில் மேடும் பள்ளமும் நடப்பார்க்குப் போதாது. அன்றியும், அருவிகளும் ஊற்றுகளும் மெலிந்திருக்கும் கோடையில் நூறு பேர் சென்று இறங்கினால், நாம் குடிப்பதும் குளிப்பதும் அவ்வூரார் சேமித்து வைத்த நீரேயாகும்.

இனி மழையைப் பற்றிச் சொல்லுகிறேன். ஜூன் முதல் தேதியை ஒட்டிக் கேரளத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை மேற்கு மலைச் சிகரங்களே வாங்கிக்கொள்கின்றன. பழனி மலைத்தொடர் அவற்றிலிருந்து கிழக்கே நீண்டு கிடப்பது. தாண்டிக்குடி அதன் கிழக்குப் பாகத்தில் அமைந்தது. எனவே ஆனி ஆடியில் அங்கே காற்றும் மேகமும் மிகுதி, மழை குறைவு. அக்டோபர் மூன்றாம் வாரத்தை ஒட்டி வரும் வடகிழக்குப் பருவமழைதான் தாண்டிக்குடியின் மழை. வங்கக் கடலிலிருந்து வரும் மேகத்துக்கு அச்சரிவுகள் முகங்கொடுத்து நிற்கின்றன. ஐப்பசி கார்த்திகையில் சித்தரேவிலிருந்து பெரும்பாறை வழியாக ஏறும் சாலையில் மண் சரிவதும் மரம் விழுவதும் புதுமையல்ல. 2018 நவம்பர் 16-ஆம் தேதி வேதாரணியத்தருகே கரை கடந்த கஜா புயல், கடலினின்று இத்தனை தொலைவிலுள்ள கொடைக்கானல் மலைவரை வந்து மரங்களைச் சாய்த்ததை நம்மில் யாரும் மறந்திரார். "மழையில் மலையழகு தனி" என்று வாலிபர்கள் சொல்லுவார்கள். அவர்கள் தனியே செல்லட்டும். குழந்தைகளை அழைத்துச் செல்ல வேண்டா.

தாண்டிக்குடியின் காலத்தை அறிய வேண்டுமானால் பஞ்சாங்கத்தைவிடக் காப்பிச் செடியைப் பார்ப்பதே நன்று. மாசி முடிந்து பங்குனி சித்திரையில் ஒரு நல்ல மழை, ஓரங்குல அளவுக்குப் பெய்ததானால், எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுதும் ஒரே வெள்ளையாகப் பூக்கும். அதன் மணம் மல்லிகையின் மணத்தை ஒத்தது. நிலக்கோட்டைப் பூச்சந்தைக்குப் போய் வந்த நம் தாய்மார்களும் ஒரு கணம் நின்று வியப்பார்கள். இரண்டு மூன்று நாளில் அத்தனையும் வாடிவிடும். பூத்திருக்கும் நாளிலேயே கனமழை பிடித்துக்கொண்டால் காய் பிடிப்பது குறையும். பூத்தபின் சில வாரங்களில் மறுமழை இல்லாவிடினும் பிஞ்சு வாடும். ஒரு குடும்பத்தின் ஆண்டு வரவு இந்த இரண்டு மழைகளின் கையில் இருக்கிறது. அண்மைக் காலத்தில் மழை தவணை தவறிப் பெய்கிறதென்று தோட்டக்காரர்கள் கவலையுறுவது இதனாலேதான். மேகம் கறுத்தால் நாம் குடை தேடுவோம். அவர்கள் தேதியை எண்ணுவார்கள். இப்பூவைக் காண விரும்புவோர் முன்கூட்டி நாள் குறிக்க இயலாது. மழை பெய்ததென்று தெரிந்தவர் செய்தி சொன்னால் அடுத்த வாரமே புறப்பட வேண்டும். ஆகையால் சங்கத்தின் பெருங்கூட்டத்துக்கு அது ஏற்றதன்று. இரண்டொரு குடும்பங்களுக்கு ஏற்கும்.

பூ காயாகிப் பழுத்து, கார்த்திகையில் தொடங்கித் தைவரை பழம் பறிப்பார்கள். களங்களில் காப்பி காய்ந்துகொண்டிருக்கும். தைக்குப் பின் சில்வர் ஓக் மரங்களில் ஏறியுள்ள கொடிகளில் மிளகு பறிப்பும் நடக்கும். மழை நின்று, வானம் கழுவிவிட்டாற்போலிருக்கும். காலைப்பனி விலகியதும் சமவெளி நெடுந்தூரம் தெரியும். புல் காய்ந்து தாழ்ந்திருப்பதால், அங்குள்ள பெருங்கற்காலக் கல்திட்டைகளை அருகே சென்று காணலாம். ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் இம்மலையில் வாழ்ந்து இறந்தவரை அடக்கம் செய்தனர் என்பதற்கு அவை சாட்சி. பாலமுருகன் கோயிலுக்கும் சேறின்றி ஏறலாம். முருகப்பெருமான் இங்கிருந்து தாண்டிக் குதித்துப் பழனிக்குச் சென்றதால் தாண்டிக்குடி எனப் பெயர் வந்ததென்பது அவ்வூர் வழக்கு.

இக்காரணங்களால், தைப்பூசம் கழிந்து அடுத்து வரும் சனி ஞாயிறே நமக்கேற்ற நாளென்பது என் கருத்து. பூசத்துக்கு முன் செல்லலாமோவெனின், பழனி செல்லும் பாதயாத்திரைக்காரர்களால் திண்டுக்கல் ஒட்டன்சத்திரம் சாலை நிரம்பி வழியும். அவர்கள் கால்நடையாகப் போகுமிடத்தில் நமது வண்டிகள் நெருக்கடி செய்வது முறையன்று. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் வீணாகுமே என்பார்க்கு இன்னொரு காலமும் உண்டு. ஆவணியிலும் புரட்டாசி முற்பகுதியிலும் மலை பசுமையாயிருக்கும், வெண்ணெய்ப்பழமும் கிடைக்கும். பகல் பெரும்பாலும் தெளிவு. பிற்பகலில் இடியோடு மழை வரலாம். காலையிலேயே சுற்றிப் பார்த்துவிட்டால் தீங்கில்லை.

தை இரவில் குளிர் உண்டு. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் ஆண்டது இந்தப் பழனி மலைநாடே என்பதை நினைந்து, பெரியவர்கள் ஒவ்வொருவரும் கம்பளி ஒன்று கொண்டு வருவார்களாக. மயில் பொறுத்துக்கொள்ளும், மூட்டுவலிக்காரர் பொறுக்கமாட்டார்.

சில ஏற்பாடுகளையும் சொல்லிவிடுகிறேன். காப்பிக் களத்தில் செருப்புக்காலுடன் நடந்து படம் எடுக்கலாகாது. அது ஒருவருடைய ஓராண்டு உழைப்பு. தாண்டிக்குடியிலுள்ள காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையத்தையோ, தடியன்குடிசையிலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை நிலையத்தையோ காண விரும்பினால் முன்னரே எழுதி அனுமதி பெறவேண்டும். அருவிப் பாறைகள் பாசி பிடித்தவை. பிள்ளைகளைக் கைப்பிடித்தே வைத்திருக்க வேண்டும். பண்ணைக்காடு, ஊத்து வழியாகக் கொடைக்கானலும் போய்வர எண்ணுவோர், 2024 மே 7 முதல் அவ்வூருக்கு மின்னணு அனுமதிச் சீட்டு முறை ஏற்பட்டிருப்பதை மனத்திற்கொண்டு, புறப்படுமுன் விசாரித்துக்கொள்க.

காட்டுமாடும் யானையும் பொழுது சாய்ந்தபின் சாலைக்கு வருவதுண்டு. ஆகவே முதல்நாள் 3 மணிக்குள் வண்டிகள் தங்குமிடம் சேரவேண்டும். மறுநாள் மாலை விளக்கு வைப்பதற்குள் சித்தரேவு வந்து இறங்கிவிட வேண்டும். காரியதரிசியவர்கள் மார்கழியிலேயே இடம் கேட்டு எழுதிவிட்டால், பறிப்புக் காலத்துக் கூலியாட்கள் தங்கும் இடத்தை நாம் பறித்துக்கொள்ள நேராது.