சருகை எரிக்காதீர்கள், உரமாக்குங்கள்



காலையில் கொல்லையைக் கூட்டுகிறோம். வேப்பஞ்சருகு, முருங்கை இலை, வெட்டிய செடி கொடி எல்லாவற்றையும் குவித்துத் தீ வைத்துவிடுகிறோம். அந்தப் புகை நம் வீட்டோடு நிற்பதில்லை. பக்கத்து வீட்டில் இழுப்பு உள்ள பிள்ளையின் நெஞ்சுக்குள்ளும் போகிறது. அண்டை வீட்டாருக்கு நம்மால் அந்தத் தொல்லை வரலாமா?

எரிப்பதற்குப் பதில் உரமாக்குவோம். அடியிலும் பக்கங்களிலும் ஓட்டை போட்ட பழைய டிரம் ஒன்று போதும். 3 கூடை சருகுக்கு 1 கூடை பச்சைக் குப்பை: புல், பச்சை இலை, காய்கறித் தோல். இடையிடையே ஒரு கைப்பிடி மண் தூவுங்கள். பிழிந்த துணி அளவுக்கு ஈரம் இருக்கட்டும். வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள்.

நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம், சருகு சேருங்கள். மக்காமல் காய்ந்து கிடந்தால் தண்ணீர் தெளியுங்கள். கறி, மீன் கழிவு, எலும்பு மட்டும் வேண்டாம். எலியும் ஈயும் வரும்.

3, 4 மாதத்தில் கறுத்து, உதிரியாக, மண் வாசனையோடு உரம் கிடைக்கும். உங்கள் கறிவேப்பிலைக்குப் போட்டதுபோக, பக்கத்து வீட்டுக்கும் ஒரு வாளி கொடுங்கள். புகை போன வீட்டுக்கு இனி உரம் போகட்டும்.